நாற்பத்திரண்டு நெல்

பக்கீர் முகைதீனுக்கு ஜவுபர் கொடுக்கவேண்டிய கடன் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா. அந்தக் கணக்கைக் கடன் வாங்கியவரே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கொடுத்தவருக்கு எழுதத் தெரியாது.

"நீயே எழுதி நீயே வச்சிக்க. ஏமாத்திறவன் எழுதாமலும் ஏமாத்துவான்தானே" என்று பக்கீர் முகைதீன் சொல்லிவிட்டார்.

இருவரும் கல்முனைக்குடிக்காரர்கள். சம்மாந்துறைப் பக்கத்தில் ஒரு நெல் மில்லில் மூடை சுமக்கிற நாட்டாமைகள். லொறியில் வருகிற நெல் மூடையை முதுகால் இறக்கி, அரிசியாகிப் போகிற மூடையை முதுகால் ஏற்றுகிற ஆறு பேர் கொண்ட கூட்டு அது. ஆறு பேருக்கும் ஒரே கூலி, பகலுக்கு ஒரே சஹன். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, கறியை நடுவில் ஊற்றி, ஆறு பேரும் சுற்றிக் குந்தி அந்த ஒரே தட்டில் கைவைப்பார்கள். மில்காரர் பெருநாளைக்கு இறைச்சி கொடுத்தால் அது ஆறாகப் பிரியும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவருடைய மூடைகள் ஐந்தாகப் பிரியும். பிரிக்காமல் ஒரு பொருளைத் தனியே வைத்துக்கொள்வது எப்படி என்பது அந்தக் கூட்டில் யாருக்கும் தெரியாது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுதான் வேர்.

ஜவுபர் எழுத்துப் படித்தது நாற்பத்தொரு வயதில். மகளின் இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தை வைத்து, ஒரு விரலால் எழுத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு படித்தார். கூட்டில் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே பள்ளிவாசல் இரத்ததான முகாமில் ஆறு பேரும் இரத்தம் கொடுத்து மூன்று கிழமை கழித்து இரண்டு பேருக்குக் கடிதம் வந்தபோது, இரண்டையும் பிரித்து வாசித்தவர் அவர்தான்.

"என்ன எழுதியிரிக்கி?" பக்கீர் முகைதீன் மூடை அடுக்கின் மேல் குந்தியிருந்து கேட்டார். வயதில் மூத்தவர் என்பதால் ஜவுபருக்கு அவர் காக்கா.

"எனக்கு எழுதினதுதான் ஒங்களுக்கும் காக்கா. பி வகை ஈரல் அழற்சியாம். நம்மட இரத்தம் இனி எடுக்க மாட்டாங்களாம். வந்து காட்டட்டாம்."

"மஞ்சக் காமாலையா? எனக்கு மஞ்சளும் இல்ல, பச்சையும் இல்லயே. கறுப்பாத்தானே இரிக்கன்."

சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாள் இருவரும் பட்டணத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனார்கள். உடம்பில் கிருமி எவ்வளவு என்று எண்ணுகிற பரிசோதனைக்கு ஆளுக்குப் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது. மகள் றுஸ்னாவின் கலியாணத்துக்குச் சேர்த்த காசிலிருந்து இருவருக்குமாகப் பக்கீர் முகைதீன் கட்டினார். இரத்தம் கொழும்புக்குப் போய், கடதாசி திரும்பி வந்தது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஜவுபருக்கு இருபத்தொரு கோடி. பக்கீர் முகைதீனுக்கு ஆறு கோடி.

கோடி என்ற சொல்லை ஜவுபர் தேர்தல் மேடைகளில் கேட்டிருக்கிறார். அதை வைத்து எதையும் எண்ணியதில்லை. வீட்டுக்கு வந்து மனைவி நதீராவிடம் நூறு கிராம் நெல் நிறுத்து வரச் சொன்னார்.

"என்னத்துக்கு?"

"எண்ணத்தான்."

"இந்த மனிசனுக்கு ஈரல் இல்ல, மூளைதான் பழுது" என்று சொல்லிக்கொண்டே அவள் கொண்டுவந்தாள். பாயை விரித்து இருவரும் பின்னேரம் முழுவதும் எண்ணினார்கள். நாலாயிரம் நெல். அப்படியென்றால் கிலோவுக்கு நாற்பதாயிரம். அறுபத்தைந்து கிலோ மூடைக்கு இருபத்தாறு இலட்சம். ஜவுபர் கொப்பியில் பெருக்கிப் பிரித்து, மூன்றுமுறை சரிபார்த்து, பேனாவை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார்.

"எண்பது மூடை" என்றார். "ஒரு லொறி."

"எங்க?"

"எனக்குள்ள. ஒரு தேக்கரண்டியில அஞ்சிலொரு பங்கு இரத்தத்துக்குள்ள ஒரு லொறி நெல்லளவு சாமான் இரிக்கி நதீரா. மேலெல்லாம் எவ்வளவு இரிக்கும்? முப்பது வருசமா நான் மூடை சுமக்கன் எண்டு நெனச்சன். அது என்னச் சுமந்திரிக்கி."

நதீரா பாயில் கிடந்த நெல்லை ஒரு கையால் ஒதுக்கினாள். பிறகு எழும்பி, அன்று வரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த தேத்தண்ணிக் கோப்பைகளில் ஒன்றைத் தனியே கழுவி வைத்தாள். ஜவுபர் அதன் பிறகு அந்தக் கோப்பையிலேயே குடித்தார். மில்லிலும் அவர் வயிற்றுக்குத்து என்று சொல்லிச் சஹனில் குந்தாமல் பொட்டலச் சோறு தின்னத் தொடங்கினார். பக்கீர் முகைதீனும் பொட்டலத்தோடு பக்கத்தில் வந்து குந்தினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ள வயித்துக்குத்து" என்றான் கூட்டில் இளையவனான அப்ராஸ். "ரெண்டு பேரும் ஒரே புள்ளயப் பெறப்போறீங்களா?"

ஜவுபர் கிளினிக்குக்குப் போனார். பக்கீர் முகைதீன் வர மறுத்தார்.

"றுஸ்னாட கலியாணம் பேசி முடிச்சிரிக்கி. மருதமுனை ஆக்கள். வாப்பாக்கு ஈரல் வருத்தமெண்டு காதில விழுந்தா அடுத்த நாளே ஆட்டோ புடிச்சி வந்து பேச்ச முறிச்சிட்டுப் போவாங்க. அந்தக் கிளினிக் வாங்குல குந்தியிரிக்கிற பாதிப்பேரு நம்மட ஊரு. நீ போ. எனக்கு மவுத்து வந்தா வரட்டும், கலியாணத்துக்குப் புறகு வரட்டும்."

கிளினிக்கில் டொக்டர் தர்சிகா இருந்தார். காரைதீவுக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். கேட்கிற கேள்விக்கெல்லாம் கதிரையை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொல்லுவார். ஜவுபர் முதலில் கேட்டது தட்டைப் பற்றி.

"ஒரே தட்டில சாப்பிட்டா இது தொத்தாது நானா. ஒரே கோப்பையில குடிச்சாலும் தொத்தாது. இரத்தத்தாலதான் வரும். சவர பிளேட்டை மட்டும் ஆருக்கும் குடுக்காதீங்க. புருசன் பெண்சாதிக்குள்ளயும் வரலாம். அதால பெண்சாதி பிள்ளையளைக் கூட்டிவாங்க, சோதிச்சுப் போட்டு ஊசி போடுவம்."

அன்று பகல் ஜவுபர் நேரே மில்லுக்கு வந்து சஹனில் குந்தினார். அதைக் கண்ட பக்கீர் முகைதீனும் பொட்டலத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

அடுத்த முறை போனபோதுதான் டொக்டர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். இந்த வருத்தத்துக்கு ஏற்கனவே ஒரு நல்ல குளிசை இருக்கிறது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது. பழையதுபோலவே கிருமியைக் குறைக்கிறதா, எலும்பையும் சிறுநீரகத்தையும் பழையதைவிடக் குறைவாகத் தாக்குகிறதா என்று பல ஊர்களில் சோதித்துப் பார்க்கிறார்கள்.

"ஒவ்வொரு நாளும் ரெண்டு குளிசை. ஒண்டு வெள்ளை, ஒண்டு செம்மஞ்சள். ஒண்டில மருந்து இருக்கும், பழசோ புதுசோ; மற்றதில வெறும் மா. எதில எது எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"ஒங்களுக்குமா? அப்ப ஆருக்குத் தெரியும் டொக்டர்?"

"ஒரு கம்பியூட்டருக்கு. கடைசி நாள் வரைக்கும் அதைத் திறக்க மாட்டாங்க."

"ஏன் ஒளிக்கிற?"

டொக்டர் சிரித்தார். "மனிசன் தனக்கு விருப்பமானதைத்தான் காண்பான் நானா. புது மருந்துல எனக்கு ஆசை இருந்தா, என்ட கண்ணுக்கு அது நல்லமெண்டே தெரியும். அதால என்ட கண்ணையும் கட்டித்தான் விட்டிருக்காங்க."

நெல் நிறுக்கிற இடத்தில் வாழ்நாள் முழுவதும் நின்றவர் ஜவுபர். தராசில் பெருவிரல் வைக்காத வியாபாரியைக் கண்டது குறைவு. தன் பெருவிரலைத் தானே கட்டிக்கொண்டு நிறுக்கிற ஆட்களை அன்றுதான் கண்டார். இவ்வளவு படித்தவர்கள், உண்மையைத் தங்கள் கையிலிருந்தே காப்பாற்றி வைத்து வேலை செய்கிறார்கள். சம்மதப் பத்திரம் பதினான்கு பக்கம். வாசித்துச் சொல்லவா என்று கிளினிக் தாதியான மிஸி கேட்டார். வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோய், விரலால் அமத்திப் பிடித்து, இரண்டு நாள் வாசித்தார். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: குளிசைகளை வேறு எவருக்கும் கொடுக்கக்கூடாது. அதையும் வாசித்துத்தான் கையெழுத்து வைத்தார்.

குளிசைப் போத்தல்கள் கைக்கு வந்த மூன்றாம் நாள், லொறிக்குப் போட்ட பலகையில் பக்கீர் முகைதீன் மூடையோடு விழுந்தார். மூடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கால் வழுக்கியது என்று எழும்பினார். சாரனை ஒதுக்கியபோது கணுக்கால் வீங்கியிருந்ததை ஜவுபர் கண்டார். பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் காலை மூடை அடுக்குக்குப் பின்னால் ஜவுபர் உள்ளங்கையை விரித்தார். வெள்ளை ஒன்று. செம்மஞ்சள் ஒன்று.

"ரெண்டு தாறாங்க காக்கா. ஒண்டு மருந்து, ஒண்டு மா. மா எனக்கென்னத்துக்கு?"

"அப்ப மருந்தை நீ போட்டுட்டு மாவத் தா. ரொட்டி சுடுவம்."

"எது எதெண்டு டொக்டருக்கும் தெரியாது. நீங்க ஒண்ட எடுங்க, நான் ஒண்ட எடுக்கன். அல்லாஹ் ஆருக்கு எழுதியிரிக்கானோ அவருக்கு."

பக்கீர் முகைதீன் சிரிப்பை நிறுத்தினார். "ஒனக்குப் பைத்தியம். மா ஒனக்கு வந்தா?"

"ஒங்களுக்கு வந்தா?"

"எனக்கு இப்பயும் ஒண்டுமில்லதானே. புதுசா என்ன நட்டம்?"

"அப்ப எடுங்க. எடுத்தா எடுத்ததுதான். மாத்தி மாத்திப் போட்டா கிருமி மருந்தைப் படிச்சிருமாம், டொக்டர் சென்ன. ஒரே நிறம்தான் கடைசி வரைக்கும்."

பக்கீர் முகைதீன் கண்ணை மூடி, பிஸ்மி சொல்லி, விரலால் தடவி ஒன்றை எடுத்தார். செம்மஞ்சள். ஜவுபருக்கு வெள்ளை. ஒரே போத்தல் தண்ணீரில் இருவரும் விழுங்கினார்கள். இறைச்சியைப் பிரித்ததுபோல, மூடையைப் பிரித்ததுபோல, அதையும் பிரித்தார்கள். அப்போது ஜவுபரின் மனது குத்தவில்லை. நல்லது செய்ததாகவே நினைத்தார்.

ஆறு மாதம் ஓடியது. ஒரு நாளும் தவறவில்லை. கிளினிக்கில் வெறும் போத்தலைக் கொடுத்தால் மிஸி எண்ணிப் பார்த்துச் சரி போடுவார். பக்கீர் முகைதீனின் கால் வீக்கம் வற்றியது. அவர் பழையபடி பாட்டுப் பாடிக்கொண்டு பலகை ஏறினார். ஜவுபருக்குத் தன் உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

ஆறாம் மாத இரத்தத்தின் கடதாசி வந்த அன்று டொக்டர் தர்சிகா கதிரையை இழுக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

"நானா, குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஓம் டொக்டர். ஒரு நாளும் விடல்ல."

"உங்களுக்கு இருபது கோடி இருக்கு. ஒண்டும் இறங்கல்ல. ஈரல் கணக்கும் கொஞ்சம் கூடியிருக்கு. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இறங்கிட்டு. பழைய மருந்தோ புது மருந்தோ, ரெண்டில ஒண்டு இறக்கத்தான் வேணும். கொழும்பில இருந்து போன் எடுத்துக் கேக்கிறாங்க. மருந்துக்குப் பயப்படாத கிருமி ஒண்டு கல்முனையில வந்திட்டோ எண்டு. அப்படியெண்டா இது சின்ன விசயமில்ல. இந்தக் கணக்கைப் பாத்துத்தான் எத்தினையோ நாட்டில எத்தினையோ ஆக்களுக்கு மருந்து எழுதப் போறாங்க."

ஜவுபருக்கு முதலில் வந்தது பயமல்ல. மா எனக்கு வந்திருக்கிறது. அப்படியென்றால் மருந்து காக்காவுக்கு! நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளி எழும்பியது. அதன் பிறகுதான் மற்றது வந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு நிறுக்கிறவர்களின் தராசில், இந்தா, ஒரு பெருவிரல் கிடக்கிறது. அது என்னுடையது.

சொல்ல வாயெடுத்தார். சொன்னால் பக்கீர் முகைதீனின் இரகசியமும் வெளியே வரும். அது அவர் எடுத்துக் கொடுக்கக்கூடிய சாமான் இல்லை.

"ரெண்டு நாள் தாங்க டொக்டர்" என்றார். "யோசிச்சுச் செல்றன்." டொக்டர் தலையாட்டினார்.

மில்லுக்கு வந்து மூடை அடுக்குக்குப் பின்னால் பக்கீர் முகைதீனை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார்.

"அப்ப நான் திண்டது ஒன்ட மருந்து."

"அத விடுங்க காக்கா. நான் பொய்க் கணக்கு எழுத வச்சிட்டன். அந்தக் குளிசை என்ட இல்ல. நம்பித் தந்த அமானிதம். என்ட சாமானெண்டு நெனச்சிப் பங்கு வச்சிட்டன். நான் செல்லத்தான் வேணும். ஒங்கட பேரச் செல்ல மாட்டன். ஒருத்தருக்குக் குடுத்த எண்டு மட்டும் செல்லுவன்."

"ஆருக்கு எண்டு கேப்பாங்களே."

"கேட்டாலும் செல்லமாட்டன்."

பக்கீர் முகைதீன் துவாயை உதறித் தோளில் போட்டார். "ஆறு மாசம் நீ மாவத் திண்டு எனக்கு மருந்து தந்திரிக்காய். இனி நீ தனியப் போய் ஏச்சுத் திங்க, நான் இஞ்ச குந்தி லொறி பாக்கிறதா? நட. அந்த வாங்குல ரெண்டு பேருமாக் குந்துவம். மருதமுனைக்காரன் பாத்தாப் பாக்கட்டும்."

டொக்டர் தர்சிகா முழுவதையும் கேட்டார். முகம் சிவந்தது.

"என்ன வேலை பாத்திருக்கிறீங்க ரெண்டு பேரும்! நானா, உங்கட ஈரல் ஆறு மாசம் சும்மா கிடந்து அழிஞ்சிருக்கு. இவருக்கு ஒண்டு கிடக்க ஒண்டு நடந்திருந்தா ஆருக்குத் தெரியும்? அதைவிட, அந்தக் குளிசை உங்கட பங்கில்ல. நாளைக்கு வரப்போற நோயாளியட பங்கு."

"ஓம் டொக்டர்" என்றார் ஜவுபர். "நான் வாசிச்சன். ஒம்பதாம் பக்கம்."

டொக்டர் ஏச்சை நிறுத்தினார். வாசிக்காமல் செய்தவர்களைத்தான் அவர் அதுவரை கண்டிருப்பார். பிறகு பக்கீர் முகைதீனின் கையைப் பிடித்து இரத்தம் எடுக்கச் சொன்னார். பழைய கடதாசியையும் கேட்டார். சாரன் மடியிலிருந்து, ஆறு மாத வியர்வையில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்த ஆறு கோடியை அவர் எடுத்துக் கொடுத்தார்.

ஜவுபர் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். அறிக்கையில் என்ன நடந்தது என்று எழுதவேண்டும் என்றார் டொக்டர். "நான் எழுதித் தரட்டா?" என்று ஜவுபர் கேட்டார். ஒரு தாள் கொடுத்தார்கள். வாங்கில் இருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எந்த நாள் தொடங்கியது, எந்த நிறம் யாருக்கு, எல்லாவற்றையும் எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதிய மிக நீளமான எழுத்து அது. கடைசி வரி: 'கிருமியில் பிழை இல்லை. மருந்திலும் பிழை இல்லை. பிழை என்னில்.' டொக்டர் அதை இரண்டுதரம் வாசித்து, மெல்ல மடித்து, கோவைக்குள் வைத்தார்.

அன்றே இருவருக்கும் சாதாரணக் கிளினிக் கொப்பி போட்டு, பழைய மருந்தை எழுதிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஆளுக்கு ஒரு போத்தல்.

"பிரிக்கிறதில்ல" என்றார்.

"அல்லாஹ் காக்க" என்றார் பக்கீர் முகைதீன்.

இரண்டு கிழமையில் அவருடைய இரத்தத்தின் கடதாசி வந்தது. டொக்டர் கதிரையை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாற்பத்திரண்டு" என்றார்.

"கோடியா?"

"இல்ல காக்கா. வெறும் நாற்பத்திரண்டு."

பக்கீர் முகைதீனுக்கு அது ஒன்றும் ஏறவில்லை. ஜவுபர் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பஸ் ஏறி, மில்லுக்கு வந்து, ஒரு மூடையின் வாயை நெகிழ்த்தினார். ஒரு பிடி நெல்லை அள்ளித் தரையில் போட்டு எண்ணினார். நாற்பத்திரண்டைப் பொறுக்கி அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"ஆறு கோடி எண்டா இருபத்து மூண்டு மூடை. அந்தா, அந்த அடுக்கு" என்று காட்டினார். "அவ்வளவும் இருந்த இடத்தில இப்ப இரிக்கிறது இவ்வளவுதான் காக்கா. ஒரு குளிசை. ஒரு பிடி நெல்லுட பாரமும் வராது. அது ஒவ்வொரு நாளும் ஒங்களுக்குள்ள போய், ஆரும் காணாம, மூடை மூடையா இறக்கியிரிக்கி."

பக்கீர் முகைதீன் கையை மூடவில்லை. அடுக்கைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடியும் அடுக்கைப் பார்த்தார். முப்பது வருடமாக மூடை இறக்கியவர். இருபத்து மூன்று மூடை இறக்க எத்தனை மூச்சு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் மெல்ல. "அந்த நாட்டாமைக்கு ஆரு கூலி குடுத்த?"

றுஸ்னாவுக்கும் அவளுடைய உம்மாவுக்கும் சோதித்தார்கள். வருத்தம் இல்லை. ஊசி போட்டார்கள். இருவரும் கிளினிக் வாங்கில் குந்தியிருந்ததைக் கண்ட மருதமுனைக்காரர் ஒருவர் இருக்கத்தான் செய்தார். அவரும் கையில் அதே நிறக் கிளினிக் கொப்பியோடு இருந்ததால் இரு பக்கமும் வாய் திறக்கவில்லை. கலியாணம் குறித்த நாளில் நடந்தது. நாலு மாதத்தில் ஜவுபருக்கும் இருபது கோடி ஆயிரத்துத் தொள்ளாயிரமாக இறங்கியிருந்தது. நதீராவும் அவரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு பிடி நெல் என்று இருவருக்கும் கண்மதிப்பிலேயே தெரிந்தது. தனியே வைத்த கோப்பை எது என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது.

கலியாணம் முடிந்த கிழமை, கடனைப் பற்றிய பேச்சு வந்தது.

"கொப்பிய எடு" என்றார் பக்கீர் முகைதீன். "வெட்டிரு. ஹலாலாக்கிட்டன். ஆறு மாசக் குளிசைக்கு அது ஈடாக் காணுமா?"

"காணாது காக்கா. காணவும் கூடாது. குளிசை என்ட சாமானா இருந்தாத்தானே விலை போடலாம்? அமானிதத்தால கடன் அடைக்க ஏலா."

"அப்ப என்னதான் செய்யப்போறாய்?"

"சுமந்து அடைக்கப்போறன்."

அந்தப் போக அறுவடையில் கூட்டு வேலை முடிந்த பிறகும் ஜவுபர் நின்று, தனி லொறிகளை ஏற்றினார். அப்ராஸ் கேலி செய்தான். பக்கீர் முகைதீன் பக்கத்தில் வந்து குந்தி, உதவிக்குக் கை கொடுக்காமல், பாட்டுப் பாடினார். கடைசி மூடை ஏறிய அன்று பகல், சஹன் வருவதற்கு முன்னால், ஜவுபர் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாவையும் அவர் மடியில் வைத்துவிட்டுக் கொப்பியைத் திறந்தார். கணக்குக்குக் கீழே எழுதினார்: 'முழுவதும் கிடைத்தது.'

"வாசி" என்றார் பக்கீர் முகைதீன். ஜவுபர் வாசித்தார்.

பக்கீர் முகைதீன் மில்லின் தேத்தண்ணி அடுப்புக் கரியில் பெருவிரலைத் தேய்த்து, அந்த இரண்டு சொல்லின் பக்கத்தில் அழுத்தி வைத்தார்.